தேவன் மௌனமாயிருக்கும் நாட்களில் விசுவாசத்தோடு நிற்பது – விவாத இழை

ரங்கூன் தங்கை எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் ரங்கூனில் ஒரு தமிழ்ச் சபையில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு பிறந்த எங்கள் தலைமுறைக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததே ஞாயிறு பள்ளியும் வேதாகமமும்தான் என்பதால், எனக்குத் தமிழும் விசுவாசமும் ஒரே கையிலிருந்து கிடைத்தவை. 2025 மார்ச் 28ஆம் தேதி நடந்த நிலநடுக்கத்தில் மாண்டலேயில் குடியிருந்த என் அக்காவை இழந்தேன். கட்டடம் இடிந்துவிட்டது என்ற செய்தி கிடைத்த நேரம் முதல், உடலை எடுத்துவிட்டார்கள் என்று அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன நேரம் வரை, எங்கள் வீட்டில் ஜெபம் நிற்கவே இல்லை. சபையார் முறை வைத்துக்கொண்டு வந்து முழங்காலில் நின்றார்கள். இயந்திரங்கள் வந்து சேராததால் அங்கே இளைஞர்கள் வெறுங்கையால் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே நாங்கள் வாக்குத்தத்த வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பின் வந்த ஒரு ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில் ஒரு சகோதரி எழுந்து, மாண்டலேயில் தம் உறவினர் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையாமல் கர்த்தர் காத்தார் என்று கண்ணீரோடு நன்றி சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அவர்மீது எனக்கு வருத்தமும் இல்லை. சபை முழுவதும் ஆமென் என்று சொன்னபோது என்னால் மட்டும் வாயைத் திறக்க முடியவில்லை. அந்த வீடும் அக்காவின் வீடும் ஒரே பேட்டையில் இருந்தவை.

இப்போதும் நான் ஆராதனைக்குப் போகிறேன், பாடுகிறேன், காணிக்கை போடுகிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் சொற்களும் பழக்கத்தால் வந்துவிடுகின்றன. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சிறுவயது முதல் எனக்கு இருந்த உணர்வு முழுவதுமாகப் போய்விட்டது. விசுவாசம் போதாமல்தான் இப்படி ஆகிறது என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் இங்கே கேட்பது ஆறுதலை அல்ல. உணர்வு இல்லாமல் ஜெப வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருப்பது வேஷமா, அல்லது அதுவும் விசுவாசத்தில் சேருமா என்பதை, இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது உண்மையாகச் சொல்ல வேண்டும்.

தாட்டோன் மூப்பர் எழுதியது:

அன்புச் சகோதரி, உங்கள் இழப்புக்கு முன்னால் முதலில் வாய் மூடியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்ல வாய் திறந்த பிறகுதான் கெட்டார்கள். அந்தப் புத்தகத்தின் முடிவில் கர்த்தர் எலிப்பாசிடம், நீங்கள் என்னைக்குறித்து என் தாசனாகிய யோபு பேசியதுபோல நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். யோபு என்ன பேசினார் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். தாம் பிறந்த நாளைச் சபித்தார், தேவன் தம்மை அநியாயமாக நடத்துகிறார் என்றார், வழக்குக்கு வரும்படி அழைத்தார். தேவனுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள் கண்டிக்கப்பட்டார்கள். தேவனோடு வழக்காடியவர் அங்கீகரிக்கப்பட்டார். ஆகையால் உங்களிடம் விசுவாசம் போதவில்லை என்று சொன்ன பெரியவர், யோபுவின் புத்தகத்தில் தாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கட்டடம் விழுந்து மனிதர் செத்ததைப் பற்றி ஆண்டவரே பேசியிருக்கிறார் என்பதையும் நினைவூட்டுகிறேன். லூக்கா 13ஆம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை அவரே எடுத்துச் சொல்லி, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதிலும் சொல்கிறார். ஏன் விழுந்தது என்பதற்கு அவர் காரணம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னாரே தவிர, செத்தவர்கள்மேல் பழியைப் போட யாருக்கும் இடம் வைக்கவில்லை. தேவகுமாரனே சொல்லாத காரணத்தை நம்மில் ஒருவர் மாண்டலேக்காகக் கண்டுபிடித்துச் சொல்வது பயங்கரமான துணிவு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சங்கீதம் 88ஐ எடுத்து ஒரே மூச்சில் வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 13ஆம் சங்கீதம்கூட எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்டுவிட்டு ஆறாம் வசனத்தில் பாடத் தொடங்கிவிடுகிறது. 88 அப்படித் திரும்புவதே இல்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, ஏன் உமது முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, சிநேகிதரும் அறிமுகமானவர்களும் தூரமாய்ப் போன இருளில் முடிந்துவிடுகிறது. பதில் இல்லை, விடியலும் இல்லை. இந்தச் சங்கீதத்தை ஒருவரும் வேதத்திலிருந்து வெட்டி எறியவில்லை. கோராகின் புத்திரர் ஆலயத்தில் பாடுவதற்கென்று அது கொடுக்கப்பட்டிருக்கிறது. உணர்வு இல்லாமல் கூப்பிடுகிறவர் வேஷக்காரர் என்றால், அந்தச் சங்கீதத்தை எழுதிய ஏமானையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மேல்வீட்டறை எழுதியது:

அக்கா, உங்களுக்காக எங்கள் வாலிபர் குழுவில் ஜெபித்தோம். மூப்பர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனாலும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார். சகோதரிகளுக்கு அந்த இரண்டு நாளும் மௌனம்தான். ஆனால் அதைவிடப் பெரிய மகிமைக்காக அவர் காத்திருந்தார். தேவனுடைய வேளை நம்முடைய வேளை அல்ல. இந்த மௌனத்துக்குப் பின்னாலும் ஒரு பெரிய காரியம் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது என்று நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். சோர்ந்துபோகாதீர்கள்.

மோல்மேன் ஆசிரியை எழுதியது:

தம்பி, நீங்கள் அன்போடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் லாசரு எழுந்து வந்தார், இந்தத் தங்கையின் அக்கா வரவில்லை. அந்த வசனத்தை இங்கே வைத்தால் அது ஆறுதலாக இராமல் அவர் காயத்திலேயே போய் இடிக்கும். மார்த்தாளிடமும் மரியாளிடமும் பேசுவதற்கு முன்னும் பின்னும் ஆண்டவர் என்ன செய்தார் என்பதையும் அதே அதிகாரத்தில் பாருங்கள். எழுப்பப்போவதை அறிந்திருந்தவர் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார்.

நான் மோல்மேனில் வாழ்பவள் என்பதால், எங்கள் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இந்த நாட்டில் பர்மிய வேதாகமத்தைக் கையில் எடுக்கும் எவருக்கும் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனின் பெயர் தெரியும். 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கி, முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்ததையும், 1834இல் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்ததையும் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள சில ஆண்டுகளை மட்டும் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

1824 ஜூனில், ஆங்கிலேயரோடு யுத்தம் மூண்டபோது, அவரை ஒற்றர் என்று சந்தேகித்து, அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறையில் போட்டார்கள். அந்த ஆவா, இப்போது நிலநடுக்கத்தில் இடிந்து ஆற்றில் விழுந்த பழைய பாலம் இருந்த இடத்துக்கு அருகில்தான் இருக்கிறது. இரவில் கைதிகளின் விலங்கிட்ட கால்களுக்கு நடுவே ஒரு மூங்கிலைச் செருகி, தோள் மட்டும் தரையில் படும்படி மேலே தூக்கிக் கட்டுவார்களாம். அவர் சிறையில் இருந்தபோதே பெண் குழந்தை மரியா பிறந்தாள். பிறகு அவரை வேறு சிறைக்கு மாற்றினார்கள். அங்கே மனைவி ஆன் காய்ச்சலில் விழுந்து பால் வற்றிப்போனது. ஆன் காவலர்களுக்குக் கைக்கூலி கொடுத்ததால், ஜட்சன் விலங்கோடு வெளியே வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிராமத்தில் வீடு வீடாகப் போய், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாரிடம் பால் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். கொடுத்த பெண்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். பிள்ளை பிழைத்தது அந்தத் தாய்மாரின் இரக்கத்தால்தான்.

விடுதலை வந்தது. ஆனால் 1826 அக்டோபர் 24ஆம் தேதி, அவர் ஆவாவுக்குப் போயிருந்த நேரத்தில், ஆன் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மரியாவும் இரண்டு வயதில் இறந்தாள். அதற்குப் பின்னால் ஜட்சன் மோல்மேனுக்கு வெளியே காட்டோரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியே இருந்தார். ஒரு சவக்குழியை வெட்டச் செய்து அதன் அருகே உட்கார்ந்திருந்தார். 1829இல், ஆன் இறந்த அதே தேதியில் எழுதிய கடிதத்தில், தேவன் எனக்கு அறியப்படாத பெரியவராக இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடையவில்லை என்ற பொருளில் எழுதினார்.

இதை எழுதியவர் விசுவாசத்தை விட்டவர் அல்லர். இந்த வரியை எழுதிய கைதான் பிறகு தீர்க்கதரிசிகளின் புத்தகங்களைப் பர்மிய மொழியில் எழுதியது. விசுவாசிக்கிறேன் என்பதும் கண்டடையவில்லை என்பதும் ஒரே வாக்கியத்தில் நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இந்த நாட்டில் எனக்குத் தெரியாது.

ரங்கூன் தங்கை எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு மிக்க நன்றி. அந்தத் தாய்மாரைப் பற்றிய செய்தியை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் எனக்குள் ஒன்று முரண்டுகிறது. ஜட்சனுடைய கதைக்கு ஒரு முடிவு கிடைத்தது. வேதாகமம் வந்தது, சபைகள் எழும்பின. பின்னால் இருந்து பார்க்கிறவர்கள் அந்த இருளுக்கு ஒரு காரணம் இருந்தது என்று சொல்லிவிடலாம். என் அக்கா செத்ததிலிருந்து எந்த வேதாகமமும் வரப்போவதில்லை. அவர் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தியவர், அவ்வளவுதான்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நிலம் ஆடியது ரம்ஜான் மாதத்து வெள்ளிக்கிழமை மதியம், தொழுகைக்குக் கூடும் நேரம். மசூதிகள் தொழுகைக்கு வந்தவர்கள்மேல் இடிந்தன. ஜெபித்துக்கொண்டிருந்தவர்களையே அது எடுத்துக்கொண்டது. என் அக்காவுக்காக அழும்போது அவர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பெரியசனி எழுதியது:

நான் கத்தோலிக்கன். ரங்கூனில் வசிக்கிறேன், உங்கள் உரையாடலில் இடையே வருவதற்கு மன்னிக்கவும். தங்கை எழுதிய கடைசி வரிகளை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் அக்காவின் மரணத்திலிருந்து ஏதாவது பலன் வந்தாக வேண்டும் என்று யாராவது எதிர்பார்த்தால், அந்த எதிர்பார்ப்பைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள். ஒரு மனிதரின் சாவு எதற்கோ உரமாகத்தான் அர்த்தம் பெறும் என்று நற்செய்தி எங்கும் சொல்லவில்லை. தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தியவர் என்பதே ஆண்டவர் முன் நிற்கப் போதுமான வாழ்க்கை.

எங்கள் வழிபாட்டில் பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறது. பெரிய சனியன்று பகலில் திருப்பலி கிடையாது. பீடத்தின் விரிப்பை எடுத்துவிடுவார்கள், நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாக இருக்கும், மணி அடிக்காது. சிறுவனாக இருந்தபோது அந்த நாள் எனக்குச் சலிப்பாக இருந்தது. என் மனைவி இறந்த பிறகு, ஆண்டு முழுவதிலும் எனக்குப் பொய்யாகத் தோன்றாத ஒரே நாள் அதுதான். சீடர்களுக்கு அன்று ஞாயிறு வரப்போவது தெரியாது. தெரியாத அந்த நாளையும் திருச்சபை பாதுகாத்து, ஆண்டுதோறும் நம்மை அதில் உட்காரவைக்கிறது.

உணர்வைப் பற்றிக் கேட்டீர்கள். அன்னை தெரேசா தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள், அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து 2007இல் வெளிவந்தன. கல்கத்தாவில் பணியைத் தொடங்கிய காலம் முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், இடையில் ஒரு குறுகிய காலம் தவிர, கடவுளின் பிரசன்னத்தை அவர் உணரவே இல்லை என்பது அவற்றிலிருந்து உலகத்துக்குத் தெரியவந்தது. விடியற்காலையில் எழுந்து செபித்துவிட்டு, சாகக் கிடக்கிறவர்களைக் கழுவப் போனவர் அவர். 1961இல் ஜோசப் நியூனர் என்ற இயேசு சபைக் குரு அவருக்குச் சொன்னது எனக்கு உதவியது. இதற்கு மனித மருந்து கிடையாது, ஆகவே இது உங்கள் குற்றம் என்று நினைக்க வேண்டாம். ஆண்டவரை உணர்வது மட்டுமே அவர் இருப்பதற்கு அடையாளம் அல்ல. அவருக்காக ஏங்குவதே அவர் மறைவாக இருக்கிறார் என்பதற்கு அடையாளம் என்றார் அவர்.

நான் செபமாலை சொல்லும்போது பெரும்பாலும் ஒன்றையும் உணர்வதில்லை. என் சொந்த வார்த்தைகள் வற்றிவிட்டதால் முன்னோர் கொடுத்துவிட்டுப் போன வார்த்தைகளைச் சொல்கிறேன். அது வேஷம் என்றால், காய்ச்சலில் பசி இல்லாதபோதும் கஞ்சி குடிப்பதும் வேஷம்தான்.

பியாப்போன்காரன் எழுதியது:

எல்லாரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனால் இந்த இழையில் விசுவாசத்தை விட்டவன் ஒருவனும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். 2008 மே 2ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் வந்தபோது நான் ஐராவதி டெல்டாவில் இருந்தேன். இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1,38,000 பேர் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். எங்கள் கிராமத்துக் கரென் இனக் கிறிஸ்தவர்கள் ஆலயத்துக்குள் ஓடினார்கள். பக்கத்துக் கிராமத்தில் ஓடியவர்கள் புத்த மடத்தில் ஏறினார்கள். மடம் செங்கல் கட்டடம், எங்கள் ஆலயம் மரத்தாலானது. யார் பிழைத்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெபத்தின்படி நடக்கவில்லை, கட்டடத்தின்படி நடந்தது.

அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் ஆலயத்துக்குப் போனேன். பிறகு விட்டுவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. கலியாணத்துக்கும் அடக்கத்துக்கும் இன்றும் போகிறேன், குழி வெட்டவும் நிற்கிறேன். என் கேள்வி இதுதான். மௌனமாயிருக்கும் தேவனையும் இல்லாத தேவனையும் எதைக் கொண்டு வேறுபடுத்துவீர்கள்? இரண்டு மௌனமும் காதுக்கு ஒன்றாகத்தானே இருக்கின்றன? ஏங்குவதே அவர் இருப்பதற்கு அடையாளம் என்றால், செத்துப்போன என் தாய்க்காகவும் நான் ஏங்குகிறேன், அவர் திரும்பி வருவதில்லையே.

தாட்டோன் மூப்பர் எழுதியது:

தம்பி, நீங்கள் இங்கே வந்து இதைச் சொன்னதற்காக நன்றி சொல்கிறேன். காதுக்கு இரண்டு மௌனமும் ஒன்றே என்பதை நான் மறுக்கவில்லை. மௌனத்தை மட்டும் வைத்து அதை எந்தப் பக்கமும் நிரூபிக்க முடியாது.

உங்கள் பேச்சில் ஒன்றை நான் முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன், அது எங்கள் சபைகளைத்தான் குற்றப்படுத்துகிறது. கண்ணாடி உடையாத வீட்டைத் தேவன் இருப்பதற்கு ஆதாரமாக நாங்கள் வைத்தால், இடிந்த வீட்டைத் தேவன் இல்லை என்பதற்கு ஆதாரமாக நீங்கள் வைப்பதை நாங்கள் தடுக்க முடியாது. இரண்டையும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும். தப்பிய வீட்டாருக்கு நன்றி சொல்ல உரிமை உண்டு. அந்த நன்றியை நிரூபணமாக மாற்றுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களை மட்டும் நாங்கள் பிரசங்கிக்கிறோம். அதே பட்டியலின் பின்பாதியில் கல்லெறியுண்டவர்களும் வாளால் அறுப்புண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தத்தை அடையாமற்போனார்கள் என்று அந்த அதிகாரம் சொல்லி முடிக்கிறது.

அப்படியானால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்பீர்கள். என் ஜெபங்களில் எத்தனைக்குப் பதில் வந்தது என்ற கணக்கை அல்ல. மத்தேயுவும் மாற்குவும் சிலுவையில் ஆண்டவர் பேசியதாக ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள். அது, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்பது. அதற்கு வானத்திலிருந்து பதில் வந்ததாக அவர்கள் எழுதவில்லை. ஞானஸ்நானத்தின்போது கேட்ட சத்தம் அங்கே கேட்கவில்லை. ஒரு மார்க்கத்தைக் கட்டி எழுப்ப நினைப்பவர்கள் தங்கள் ஆண்டவரின் வாயில் இப்படிப்பட்ட வார்த்தையைக் கற்பனையாகப் போட மாட்டார்கள். அந்த வார்த்தையோடு செத்தவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்று அவரைக் கண்டவர்கள் சொன்ன சாட்சியை நான் நம்புகிறேன். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதிவிட்டார். என் விசுவாசம் நிற்பதும் விழுவதும் அந்த இடத்தில்தான். அது உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். நான் வற்புறுத்தவில்லை. நீங்கள் அடக்கத்தில் வந்து குழி வெட்ட நிற்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மேல்வீட்டறை எழுதியது:

அக்கா, ஆசிரியை அம்மா சொன்னதற்குப் பிறகு நான் மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தேன். மத்தேயு 15இல் கானானிய ஸ்திரீ தன் மகளுக்காகக் கூப்பிடுகிறபோது, ஆண்டவர் அவளுக்குப் பதிலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறது. சீஷர்கள் அவளை அனுப்பிவிடச் சொல்கிறார்கள். அவள் போகவில்லை, பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வருகிறாள். அம்மா, உன் விசுவாசம் பெரிது என்று அவர் சொன்னது அவளிடம்தான். அவள் மகள் குணமானாள் என்பதை உங்களுக்கு வாக்காகச் சொல்ல நான் துணியவில்லை. ஆனால் சபைக்குள் இருந்தவர்கள், அவள் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அனுப்பிவிடப் பார்த்தார்கள் என்பதை இந்த முறைதான் கவனித்து வாசித்தேன். எங்கள் வாலிபர் குழுவில் யாராவது துக்கத்தோடு வந்தால் உடனே உற்சாகப் பாடலைத் தொடங்கிவிடுகிறோம். அதுவும் ஒருவகையில் அனுப்பிவிடுவதுதான் என்று நினைக்கிறேன்.

மோல்மேன் ஆசிரியை எழுதியது:

தம்பி எழுதியதை வாசித்து மனம் நிறைந்தது. தங்கைக்கு ஒரு வார்த்தை மட்டும். மாற்கு 2இல் திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுடைய விசுவாசத்தைப் பற்றி அந்த வசனம் தனியாக எதுவும் சொல்லவில்லை. உங்களால் ஆமென் சொல்ல முடியாத ஞாயிற்றுக்கிழமையில் உங்களுக்காகப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது உங்கள் வாய் மூடியிருந்தாலும் சபை அதை உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அதற்குத்தான் சபை இருக்கிறது. என் கணவர் படுக்கையில் கிடந்த காலத்தில் என்னால் வேதத்தைத் திறக்க முடியவில்லை. எதிர் வீட்டு அம்மா ஒருவர் மாலைதோறும் வந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல், ஒரு சங்கீதத்தை உரக்க வாசித்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போவார். அவர் எனக்கு ஒரு விளக்கமும் சொன்னதில்லை. அந்த ஆண்டில் என்னைத் தாங்கியது அதுதான்.

ரங்கூன் தங்கை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பியாப்போன் அண்ணன் எழுதியதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததை அவர் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் நான் இன்னும் யாரிடமோ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கலாமா என்பதை இப்போதைக்கு நான் முடிவு செய்யவில்லை.

88ஆம் சங்கீதத்தை நேற்று இரவு அக்காவின் மகளோடு உட்கார்ந்து வாசித்தேன். அவள் பதின்மூன்று வயதுப் பெண். இப்படிக்கூட வேதத்தில் எழுதியிருக்கிறதா சித்தி என்று கேட்டாள், பிறகு தானே இன்னொரு முறை வாசித்தாள். அழவும் செய்தாள். அம்மா போன பிறகு அவள் என் எதிரில் அழுதது அதுவே முதல் தடவை.

எங்கள் சபையில் சாட்சி நேரத்தில், பதில் கிடைக்காதவர்களும் எழுந்து தங்கள் ஜெபத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும் என்று போதகரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. மூப்பர் ஐயா, நீங்கள் சங்கத்துக் கூட்டத்துக்கு ரங்கூன் வரும்போது அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா?

தாட்டோன் மூப்பர் எழுதியது:

பேசுகிறேன், அம்மா. அடுத்த மாதம் வருகிறேன். அவர் இடம் கொடுத்தால் அன்றைக்கு முதலில் எழுந்து நிற்பவன் நானாக இருக்கட்டும். பதில் வராத ஜெபம் என்னிடமும் இருக்கிறது. நீங்கள் இரண்டாவதாகப் பேசினால் போதும், மனம் வராவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும்.